மைதானத்தின் முதல் ஆணி

போன மாதம் பழைய ஸ்டேடியத்தை இடித்து முடித்தார்கள். பத்திரிகையில் அதன் வரலாறு என்று அரைப்பக்கம் வந்தது. யார் திறந்து வைத்தார், எத்தனை பேர் உட்காரலாம், விளக்குக் கம்பம் எந்த வருடம் நட்டார்கள், எல்லாம் இருந்தது. முப்பத்தொரு வருடம் அந்தத் தரையில் குனிந்தே கிடந்த என் அத்தானைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். ஸ்டேடியத்தில் அவருக்குக் கோடு போடுகிற வேலை. சுண்ணாம்புத் தூள் நிரப்பிய தள்ளுவண்டி, ஒரு நூல்கண்டு, ஓர் இரும்பு டேப், இவ்வளவுதான் அவருடைய சாமான். நான் அங்கேயே டிக்கெட் கவுண்டரில் இருந்தேன். "ஊருக்கெல்லாம் கோடு போடுறீங்க, வீட்ல அக்கா கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டேங்கிறீங்களே" என்று கிண்டல் செய்வேன். அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். அவர் டேப்பைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

பஸ் நிலையத்துக்கும் மார்க்கெட்டுக்கும் நடுவே, ரயில்வே கிடங்கு இருந்த இடத்தில் கட்டிய ஸ்டேடியம் அது. எல்லாவற்றுக்கும் ஒரே மைதானம். ஒரு வாரம் கால்பந்து, அடுத்த வாரம் ஓட்டப்பந்தயம், பிறகு போலீஸ் ஆளெடுப்பு, சர்க்கஸ், பொருட்காட்சி, தேர்தல் என்றால் ஓட்டு எண்ணிக்கை. வெள்ளம் வந்த வருடம் நாற்பது நாள் குடும்பம் குடும்பமாக கேலரிப் படிகளில் சமைத்துத் தின்று உறங்கினார்கள். வீரர்கள் உடை மாற்றும் அறையில் ஒரு பிரசவம்கூட நடந்தது. ஒவ்வொன்று முடிந்ததும் அத்தான் பழைய கோடுகளை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவார். இன்று போட்டது நாளை இருக்காது. நானாக இருந்தால் ஒரே மாதத்தில் ஓடிப்போயிருப்பேன்.

நடு ஊரில் இடத்துக்கு எங்கே போவது? ஓடுபாதை ஒரு சுற்றுக்கு நானூறு மீட்டர் வரவேண்டும். இங்கே முந்நூற்று எண்பத்திரண்டிலேயே மதில் வந்து இடித்தது. ஆகவே நானூறு மீட்டர் பந்தயத்தை, முடிவுக் கோட்டுக்குப் பதினெட்டு மீட்டர் பின்னாலிருந்து தொடங்குவார்கள். அதுவும் முதல் தடத்துக்கு மட்டும். வளைவில் வெளித்தடம் நீளம் கூடுதல் என்பதால் அடுத்தடுத்த தடங்களை ஏழு மீட்டர் சொச்சம் முன்னே தள்ளிக்கொண்டே போகவேண்டும். ஆறு தடத்துக்கு ஆறு இடம். அந்த ஆறு இடங்களையும் பாதையின் உள்விளிம்பு ஓரமாக வரிசையாக இரும்பு ஆணி அடித்துக் குறித்து வைத்திருந்தார் அத்தான். சர்க்கஸ் யானை மிதித்துப் போனாலும் ஆணியைத் தேடிப்பிடித்து, நூல் கட்டி, கோடு இழுத்துவிடுவார். ஆணி எங்கே இருக்கிறது என்று இன்னொருவருக்குத் தெரியாது. எந்த அதிகாரியும் குனிந்து அளந்து பார்த்ததுமில்லை. அவர் கோடு என்றால் அவ்வளவு நம்பிக்கை.

அவருடைய சின்ன மகள் நானூறு மீட்டர் ஓடுவாள். அப்போது அவளுக்கு வயது பத்தொன்பது. ஐம்பத்தைந்து விநாடிக்குள் ஓடினால் தேசிய முகாமில் இடம். முகாமுக்குப் போனால் பயிற்சி, பிறகு ரயில்வேயிலோ போலீஸிலோ வேலை. வாடகை வீட்டில் ஒற்றை அறையில் ஐந்து பேராகக் கிடந்த குடும்பத்துக்கு வேறு கதவு எதுவும் கண்ணில் படவில்லை.

முகாமுக்கான எங்கள் ஊர்த் தேர்வு ஓட்டம் இந்த மைதானத்தில்தான். அதற்கு இரண்டு நாள் முன்பு அங்கே ஒரு பாட்டுக் கச்சேரி. மேடைச் சாமான் ஏற்றிய லாரிகள் மழை ஈரத்தில் ஓடுபாதையைக் குதறிப் போட்டிருந்தன. அத்தான் ஆணிகளைத் தேடினார். ஐந்துதான் கிடைத்தது. கடைசி ஆணி போய்விட்டது என்று நினைத்து, ஐந்தாவதிலிருந்து அளந்து புதிதாக ஒன்று அடித்தார். ஆணிக்கு ஆணி இடைவெளி சரியாக இருந்தது. முடிவுக் கோட்டிலிருந்து அளக்கவில்லை. தன் ஆணியைத் தானே சந்தேகப்பட அவருக்குத் தோன்றவில்லை.

தேர்வு ஓட்டத்தில் சின்னவள் முதலாவதாக வந்தாள். ஐம்பத்து நான்கு புள்ளி இரண்டு. அக்கா வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் லாரித் தடங்களில் மண் நிரப்பப் போன அத்தான், பத்தே நிமிடத்தில் என் கவுண்டருக்கு வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"மச்சான், தப்பு பண்ணிட்டேன். முதல் ஆணி வளைஞ்சு உள்ளே அமுங்கிக் கிடக்கு. ரெண்டாவதை முதல்னு நெனச்சுப் போட்டுட்டேன். ஆறு பேரும் ஏழு மீட்டர் கம்மியா ஓடியிருக்காங்க."

"ஏழு மீட்டருன்னா எவ்வளவு நேரம்?"

"ஒரு விநாடி."

எனக்குக் கணக்கு உடனே புரிந்தது. "யாருக்குத் தெரியும் அத்தான்? மண்ணைப் போட்டு மூடிட்டு வாங்க. எல்லாருக்கும் ஒரே கொறச்சல்தானே, அவ ஜெயிச்சது ஜெயிச்சதுதான்."

"இந்த ஆறு பேருக்குள்ள ஜெயிச்சா. வேற ஊர்ல எவளோ சரியா அளந்த தரையில ஓடி, அம்பத்தஞ்சே கால்ல அழுதுக்கிட்டு நிப்பா. அவளுக்கு இல்லாத இடத்துல இவ போய் உக்காரணுமா?"

அன்று மாலையே விளையாட்டுச் சங்கச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. தேர்வு நேரங்கள் எல்லாம் ரத்தாயின. மறுபடி ஓடவிட நாள் இல்லை என்று சொல்லி, பட்டியலைச் சின்னவள் பெயர் இல்லாமலே அனுப்பினார்கள். அத்தானுக்கு ஒரு மெமோ வந்தது. அக்கா அவரோடு பேச்சை நிறுத்தினாள். தட்டை வைப்பாள், திரும்பிப் போய்விடுவாள். சின்னவள் அழவில்லை, சண்டை போடவில்லை. எட்டாம் நாள் அப்பா முன்னால் வந்து நின்றாள்.

"சரியா அளந்து போடுங்கப்பா. நான் ஓடிப் பாக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மூன்று பேரும் போனோம். அத்தான் முடிவுக் கோட்டிலிருந்து மூன்று முறை அளந்து கோடு போட்டார். அவர் தொடக்கத்தில் துண்டோடு நின்றார். நான் முடிவில் ஸ்டாப்வாட்சோடு. துண்டு இறங்கியது. காலி கேலரிக்கு நடுவே அவள் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. கோட்டைத் தாண்டியதும் பொத்தானை அமுக்கினேன்.

ஐம்பத்து நான்கு புள்ளி எட்டு.

சரியான தரையில், யாரும் துரத்தாமலே, எல்லைக்குள் ஓடிவிட்டாள். அதைப் பதிவு செய்ய ஓர் அதிகாரியும் இல்லை. பட்டியல் போய்ச் சேர்ந்தாயிற்று. தொடக்கக் கோட்டிலிருந்து அத்தான் என்னைப் பார்த்தபடி நடந்து வந்துகொண்டிருந்தார். இதைச் சொன்னால் இந்த மனுஷன் உயிரோடு இருக்கமாட்டார் என்று பட்டது. கட்டைவிரல் தானாகப் போய் முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டது.

"அம்பத்தஞ்சு புள்ளி ஆறு" என்றேன்.

சின்னவள் தரையில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்க, "அப்ப நான் அவ்வளவுதானா மாமா?" என்றாள். அத்தான் குனிந்து அவள் தலையில் கை வைத்தார். அவள் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்தேன்.

அடுத்த வருடம் என்று ஒன்று உண்டு என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை. "அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்று அத்தான் சொல்லிப் பார்த்தார். அவள் ஷூவை யாருக்கோ கொடுத்துவிட்டு ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். இன்னும் அதே கடையில்தான் நிற்கிறாள். நின்று நின்று காலில் நரம்பு முடிச்சு போட்டிருக்கிறது. அத்தான் ஓய்வுபெற்று இரண்டாம் வருடம் போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு நான் பண்ணது சரிதானே மச்சான்?" என்று கேட்டார். சரிதான் என்றேன். நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

கேலரியின் கடைசிச் சுவர் விழுந்த அன்று சின்னவளும் நானும் எதிர்ச் சாரியில் நின்று பார்த்தோம். அன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்துத்தான் அவளை வரச் சொல்லியிருந்தேன். அவளே பேச்சை எடுத்தாள்.

"அந்த ஞாயித்துக்கிழமை மட்டும் நான் அம்பத்தஞ்சுக்குள்ள ஓடியிருந்தா அப்பாவ செத்தாலும் மன்னிச்சிருக்க மாட்டேன் மாமா. நல்லவேளை, எனக்கு அந்தத் தெறம இல்ல."

இயந்திரம் இடிபாடுகளை அள்ளிக்கொண்டிருந்தது. தூசு பறந்தது. "ஆமாம்மா" என்றேன்.