ஃப்ளாட் படத்தில் ஒரு விரல்

லிஃப்ட் மெக்கானிக்கை வேலையிடத்தில் சீண்டாத ஆளில்லை. "என்ன சார், வானத்துக்கும் லிஃப்ட் போடப் போறீங்களா?" என்பார்கள். மனிதர் சிரித்துவிட்டுப் போவார். நட்சத்திர ஒளியை வானவில் பட்டையாகப் பிரித்துப் படமெடுக்கும் பைத்தியம் அவருக்கு.

அதற்கான கேமரா வந்த அன்றே, "இத்தனூண்டு கண்ணாடிக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று மனைவி அதன்மேல் விரலை வைத்துவிட்டாள். ரேகை பதிந்துவிட்டது. அவர் துடைக்கவில்லை. சோம்பேறித்தனம்தான், வேறென்ன! ஃப்ளாட் இருக்கும்போது என்ன கவலை? தொலைநோக்கியின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கொளியில் ஒரு படம் எடுத்தால், கண்ணாடியிலுள்ள கறையும் தூசியும் மட்டும் நிழலாக விழும். அதுதான் ஃப்ளாட். கணினியில் நட்சத்திரப் படத்தை அதனால் வகுத்துவிட்டால் கறை போன இடம் தெரியாது.

மனைவி இறந்தபின் கதை மாறியது. அந்த நிழலைப் பார்ப்பதற்காகவே ஃப்ளாட் எடுத்தார். அவளுடைய துணிமணிகளெல்லாம் கைமாறிப் போய்விட்டன. அவள் தொட்டதில் அவருக்கென்று மிஞ்சியது இது ஒன்றுதான்.

ஒருமுறை ஃப்ளாட் எடுக்கும் விளக்கு பழுதாகிவிட்டது. புதிய ஃப்ளாட் எடுக்க வழியில்லை. ஞாயிறு காலை, முந்தைய இரவின் படங்களைப் பழைய ஃப்ளாட்டால் வகுத்தார். பட்டையின் ஓரத்தில் விரல் நுனி வடிவில் ஒரு வெளிச்சம். எல்லா நட்சத்திரத்திலும் அதே இடத்தில். இல்லாத நிழலுக்கு ஈடுகட்டினால்தான் இப்படி வெளுக்கும்.

"கேமராவைத் தொட்டியாம்மா?" என்று மகளைக் கேட்டார்.

"ஆமாப்பா, நேத்து சாயங்காலம். கண்ணாடி அழுக்கா இருந்துச்சு, துடைச்சு வச்சேன். ஏன்?"

"அது உங்கம்மா கை" என்றவர் குழந்தைபோல அழுதார்.

மகளுக்கு முகம் செத்துவிட்டது. "இருங்கப்பா, கொஞ்சமாவது ஒட்டியிருக்கும்" என்று கடைக்கு ஓடிப்போய் பல்பு வாங்கி வந்தாள். துணியைக் கட்டி ஃப்ளாட் எடுத்தார்கள். திரையில் நிழல் இருந்தது. முன்பைவிடக் கருப்பாக.

"இருக்கு! இருக்கும்மா!" என்று துள்ளினார்.

மகள் துள்ளவில்லை. கேமராவைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தாள். "அப்பா, கண்ணாடில ஒண்ணுமே இல்லையே."

அவரும் பார்த்தார். பளிச்சென்று இருந்தது. திரும்ப மாட்டி இன்னொரு படம் எடுத்தார். நிழல் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்திருந்தது. அடுத்ததில் பக்கத்திலேயே இன்னொரு விரல். அதற்கடுத்ததில் உள்ளங்கையே தெரிந்தது, உள்ளேயிருந்து யாரோ கதவைத் தள்ளுவதுபோல.

"போதும்ப்பா" என்று மகள் அவர் தோளைப் பிடித்தாள். அவர் கேமராவின் ஒயரைப் பிடுங்கினார். மனைவி இல்லாமலும் இருந்துவிடலாம் என்று அன்றுதான் முதல்முறையாக அவருக்குத் தோன்றியது.