இடக்கைத் திருகாணி

என் மனைவி மௌத்தான பிறகு கல்முனை வீட்டில் நான் தனியாக இருந்தேன். எண்பதாம் ஆண்டளவில், சந்தையடிப் பழைய இரும்புக் கடையில் ஒரு சின்னப் பித்தளைச் சாமானைக் கண்டு வாங்கினேன். அதன் உச்சியில் குருவி அலகு போல இரண்டு தாடைகள் இருந்தன. திருகாணியை எதிர்ப்பக்கமாகச் சுற்றினால்தான் அவை இறுகும்.

அது என்னவென்று தட்டாருக்கும் தெரியவில்லை, சைக்கிள் கடைக்காரருக்கும் தெரியவில்லை. பாண்டிருப்பில் ஒரு மீனவர் வீட்டிலிருந்து வந்ததென்று இரும்புக் கடைக்காரர் சொன்னதால் அங்கே போனேன்.

வாசலுக்கு வந்த பெண் அதைக் கண்டதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

“இது எங்கட அவர்ட சாமான். கடல் தொழிலுக்கு வர முந்தி மலைநாட்டில ஒரு வெள்ளைக்காரத் தொரைட பங்களாவில வேலை செய்தவர். தூண்டில் முள்ளை இதில இறுக்கி, மீனை ஏமாத்த இறகு கட்டிப் பூச்சி மாதிரிச் செய்யிறது. தொரை இடக்கையன், அதான் திருகாணி இப்படி. அவர் சீமைக்குப் போகக்குள்ள இவருக்குக் குடுத்தவர்.”

“இவர் எங்க, தங்கச்சி?”

“எழுபத்தெட்டுச் சூறாவளியோட போயிற்றார். இதைப் பார்க்க ஏலாமத்தான் இரும்போட போட்டன்.”

சாமானை அவரிடம் கொடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்று கூப்பிட்டுக் கேட்டார்.

“இதுக்காகவா இந்த வெயிலுக்குள்ள வந்தீங்க, காக்கா? வீட்டில தேட மாட்டாங்களா?”

“தேட ஆளில்ல.”

அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் எழுந்து போய்த் தேநீர் ஊற்றி வந்தார். பின்னேரம் அசர் தொழுகை நேரம் வரை கணவரைப் பற்றியே கதைத்தார். சேவல் இறகு கட்டிய தூண்டிலில் அவர் பாரை மீன் பிடித்த கதையைச் சொல்லும்போது சிரித்தார். நானும் சிரித்தேன்.

“நீங்களே வச்சிருங்க, காக்கா. ஆரும் கேட்டா அவர்ட பேரைச் சொல்லுங்க,” என்று வழியனுப்பினார்.

என் வீட்டுக்கு வருபவர்கள் குறைவு. இன்றுவரை யாரும் கேட்கவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன். அவர் பெயர் சின்னத்தம்பி.