பூந்தமல்லியிலிருந்து ஒரு பிரமிடு

பாரிசுக்குப் போய்வந்து எழுதியவர்கள் நிறையப் பேர். நான் போனது பூந்தமல்லிக்கு. ஆனாலும் 1989 ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை ஏழே காலுக்கு ஆவடி குவார்ட்டர்ஸ் வாசலில் பஸ்ஸுக்காக நின்றபோது எனக்கிருந்த பரபரப்பு, விமானம் ஏறுகிறவனுக்குக்கூட இருந்திருக்காது. கையில் அட்டையில் வெட்டிய ஒரு பெரிய முக்கோணம். பக்கத்தில் என் மனைவி வசந்தா, இரண்டு பழைய கம்பளிகளோடும் ஒரு கோணிச் சாக்கோடும். அவள் முகத்தில் மட்டும் பயண உற்சாகம் இல்லை.

அந்த ஆண்டு உலகத்துக் கட்டடக்காரர்களுக்கெல்லாம் என்ன வந்ததோ தெரியாது. பாரிசில் பழைய அரண்மனை முற்றத்தின் நடுவே, எழுபது அடி உயரத்துக்குக் கண்ணாடியிலேயே ஒரு பிரமிடு எழுப்பித் திறந்துவிட்டார்கள். அதே ஊரின் இன்னொரு கோடியில், நடுவைக் குடைந்தெடுத்த பெட்டி மாதிரி ஒரு ராட்சதத் தோரணவாயில். ஹாங்காங்கிலோ முக்கோணம் முக்கோணமாகக் கண்ணாடி பதித்த எழுபது மாடிக் கோபுரம் முடிகிற நிலையில் இருந்தது. எங்கள் குவார்ட்டர்ஸ் நூலகத்துக்கு வந்த பத்திரிகை ஒன்றில் இவ்வளவும் வண்ணப் படங்களாக வந்திருந்தன. நான் ஆவடித் தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேன். பதினாறு வருடமாக இரும்பு உதிரிப் பாகங்களுக்குப் படம் வரைந்து கொடுக்கிறவன். அந்தப் பிரமிடைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது கள்ளிக்குப்பத்தில் அரை கிரவுண்டில் எங்கள் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர். ஹாலுக்கு வெளிச்சம் வர வழியே இல்லை. தளம் போடுகிற அன்று மேஸ்திரியிடம் சொல்லி, ஹாலுக்கு மேலே நடுவில் நாலடிக்கு நாலடி சதுரமாகத் திறப்பு விடச் சொல்லிவிட்டேன். அதன்மேல் ஒரு கண்ணாடிப் பிரமிடு நிற்க வேண்டும் என்பது என் திட்டம்.

வசந்தாவுக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. மழை வரும், பூனை வரும், திருடன் வருவான் என்றாள். பாரிசில்கூட முதலில் எல்லோரும் திட்டினார்கள் என்று பத்திரிகையைக் காட்டினேன். "அவங்க திட்டினது சரிதான்" என்றாள். கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. திங்கட்கிழமை விடியற்காலை கிரகப்பிரவேசம். "ஞாயித்துக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள அந்தப் பொத்தலை மூடியாகணும். கண்ணாடியால மூடுங்க, இல்லாட்டி மேஸ்திரி கான்கிரீட் போட்டு மூடிடுவாரு. திறந்த ஓட்டைக்குக் கீழ நான் பால் காய்ச்ச மாட்டேன்" என்றாள். மேஸ்திரி அவள் கட்சி. ஜல்லி, மணல், கம்பி எல்லாம் மாடியில் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி சுமார் பத்து கிலோமீட்டர். டிக்கெட் ஒன்றே கால் ரூபாய். வழியெல்லாம் வயலும் செங்கல் சூளையும் மாறி மாறி வந்தன. ஒவ்வொரு புதுக் கட்டடத்தையும் நான் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லாம் சதுரப் பெட்டிகள்.

எட்டு மணிக்குக் கண்ணாடிக் கடை வாசலில் நின்றோம். கடை திறந்தது ஒன்பதரைக்கு. கடைக்காரர் பாய் என் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, ஊட்டு மேலயா? மழ பேஞ்சா இன்னா பண்ணுவீங்கோ?"

"சரிஞ்சு ஓடிடும் பாய். அதுக்குத்தான் பிரமிடு."

"கேளுங்க நல்லா" என்றாள் வசந்தா பாயிடம்.

நாலு மில்லிமீட்டர் கனம், சதுர அடி பதினெட்டு ரூபாய். அட்டையைக் கண்ணாடிமேல் வைத்து, வைரமுனை வெட்டியால் கீச்சென்று ஒரு கோடு இழுத்து, மேசை விளிம்பில் வைத்து ஒரு தட்டு தட்டினார். கண்ணாடி கோட்டிலேயே பிரிந்து வந்தது. நாலு முக்கோணங்கள். ஒவ்வொன்றும் அடிப்பக்க அகலம் நாலடி, உயரம் இரண்டடி. வைக்கோலும் கம்பளியும் வைத்துக் கட்டி, கோணியில் போட்டுத் தைத்துக் கொடுத்தார். பதினைந்து கிலோவுக்குக் குறையாது.

பதினொன்றே முக்காலுக்குத் திருவேற்காடு போகிற வேன் கிடைத்தது. ஐந்து கிலோமீட்டர். அங்கிருந்து அம்பத்தூருக்கு வேறு வண்டி பிடித்து, அப்புறம் கள்ளிக்குப்பம். ஆளுக்கு இரண்டு ரூபாய் என்ற டிரைவர், கண்ணாடி கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லி அதற்கும் இரண்டு ஆள் கணக்கு வாங்கினார். வேன் முழுக்க அம்மன் கோயில் பக்தர்கள்; வேப்பிலை, எலுமிச்சை, மொட்டைத் தலைகள். எனக்கு எதிரே மடித்த துணி மூட்டை ஒன்றை மடியில் வைத்திருந்தவர், ஒவ்வொரு பள்ளத்துக்கும் எங்களோடு சேர்ந்து கோணியைப் பிடித்துக்கொண்டார். பெயர் ஏழுமலை. கல்யாணங்களுக்கு ஷாமியானா தைத்துக் கொடுப்பவர்.

"இன்னா சாமான் சார், கொயந்தயாட்டம் புட்சிகினு வர்றீங்கோ?"

இதற்காகத்தானே காத்திருந்தேன். பையிலிருந்து பத்திரிகைப் படத்தை எடுத்தேன். பாரிசைச் சொன்னேன். அறுநூறுக்கு மேற்பட்ட கண்ணாடிகளைச் சொன்னேன். ராத்திரியில் உள்ளிருந்து விளக்குப் போட்டால் அது எப்படி ஜொலிக்கும் என்று சொன்னேன். படம் வேன் முழுக்கக் கைமாறியது. மொட்டைத் தலை ஒருவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். வசந்தா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழுமலை மட்டும் படத்தைவிட என் அட்டையையே அதிக நேரம் பார்த்தார்.

"அடில இன்னா அகலம் சார்?"

"நாலடி."

"கட்டி முட்சா ஒசரம்?"

"ரெண்டடி."

"துண்டு ஒசரம்?"

"அதுவும் ரெண்டடிதான்."

அவர் அட்டையின் உயரத்தைச் சாண் போட்டு அளந்தார். பிறகு, "தப்பா நென்ச்சுக்காதீங்கோ. இது நிக்காது சார், படுத்துக்கும்" என்றார்.

என் கைக்குட்டையைக் கேட்டு வாங்கினார். மூட்டை மேல் சதுரமாக விரித்து, மூலைக்கு மூலை இரண்டு மடிப்பு போட்டார். நாலு முக்கோணங்கள் தெரிந்தன. "இதான் உங்க கண்ணாடி. நாலும் சேந்தா தட்டையா சதுரமா ஆயிடும். இப்ப நடுவுல தூக்குறேன் பாருங்கோ. ஓரம் உள்ள வந்துட்ச்சா? ஷாமியானா தைக்கசொல்லோ எதுர்ல தெரியற ஒசரத்துக்கு வெட்டக்கூடாது. சரிவு இன்னா நீளமோ அத்த வெட்டணும்."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பிரமிடை எதிரிலிருந்து பார்த்தால் தெரிகிற முக்கோணத்தை அப்படியே வரைந்து, அதையே வெட்டக் கொடுத்திருக்கிறேன். சாய்ந்து நிற்கிற பக்கம் அதைவிட நீளம் என்பது டிராயிங்கில் முதல் வருடப் பாடம். தொழிற்சாலையில் வேறொருவன் இப்படி வரைந்து கொண்டுவந்தால் சிவப்புப் பென்சிலால் சுழித்துத் திருப்பியிருப்பேன். பத்திரிகையைப் பார்த்த மயக்கத்தில் படித்த படிப்பு பறந்துபோயிருக்கிறது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, மறைக்க விரும்பவில்லை.

வசந்தா இப்போது சொல்லப்போகிறாள், நான் அப்பவே சொன்னேன் என்று. காத்திருந்தேன். அவள் கைக்குட்டையை எடுத்து, ஏழுமலை தூக்கிய மாதிரியே நடுவில் தூக்கினாள். மறுபடி படுக்க வைத்தாள். மறுபடி தூக்கினாள். குவார்ட்டர்ஸில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள் அவள்.

"அண்ணே, அடியில ரெண்டு பக்கமும் ஆறங்குலம் உள்ள பிடிச்சா நிக்குமா?"

ஏழுமலை விரலால் அளந்து பார்த்தார். "நிக்கும்மா. அடில மூணடி வரும். ஒசரம் கொறையும், ஆனா ஷோக்கா நிக்கும்."

"நாலடித் திறப்பு இருக்கே வசந்தா" என்றேன்.

"சுத்தி ஆறங்குலம் கல்லு வைக்கச் சொல்லுங்க. எப்படியும் தண்ணி உள்ள வராம இருக்க ஒரு கரை வேணுமில்ல. அதையும்தான் நீங்க வரையல" என்றாள். பிறகு டிரைவரைப் பார்த்து, "வண்டியை நிறுத்துங்க" என்றாள்.

திருவேற்காடு நெருங்கிவிட்ட இடம். மணி பன்னிரண்டு பத்து. ஞாயிறன்று பாய் ஒரு மணிக்குக் கடையை மூடிவிடுவார். ஏழுமலை எங்களோடு இறங்கி, தெரிந்த ஆட்டோ ஒன்றைப் பிடித்துக் கொடுத்து, "மெதுவா உருட்டிகினு போ நைனா, கண்ணாடி கீது" என்று டிரைவருக்குச் சொல்லிவிட்டு நடந்தார். முகவரியைச் சொல்லி, மறுநாள் விசேஷத்துக்கு வரச் சொன்னோம்.

நாங்கள் போனபோது பாய் பலகைகளை மாட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்தார். "முழுக் கண்ணாடிய வெட்றது ஈசி சார். இப்டி ஓரத்துல ஒல்லியா சீவறதுதான் பேஜாரு. மேல போவ போவ நூலாட்டம் ஆவுது, உச்சி உட்ஞ்சா நான் பொறுப்பில்ல."

எட்டு வெட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். முதல் கண்ணாடி தப்பித்தது. இரண்டாவதும் தப்பித்தது. மூன்றாவதில் டிக்கென்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் உச்சியில் ஓர் அங்குலம் போயிருந்தது.

மாற்றுக்குப் பெரிய கண்ணாடி கடையில் இல்லை. பாய் என்னைப் பார்த்தார், நான் வசந்தாவைப் பார்த்தேன். வசந்தா உடைந்த உச்சியைப் பார்த்தாள்.

"எல்லாத்துலயும் ஒரு அங்குலம் எடுத்துடுங்க பாய். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

கள்ளிக்குப்பம் வந்து சேர நாலேகால். மேஸ்திரி சிமெண்டைக் குழைக்க மண்வெட்டியைக் கையில் எடுத்துவிட்டார். "அதை இந்தக் கரைக்குக் குழைங்க" என்று வசந்தா படியேறிக்கொண்டே சொன்னாள். அவருக்குக் கட்சி மாற நேரம் பிடித்தது. திறப்பைச் சுற்றிக் கடப்பைக் கல் பட்டைகளை ஆறங்குலம் உள்ளே நீட்டிப் பதித்தார். கண்ணாடியைக் கண்ணால் பார்க்காமல் சட்டம் அறுக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்த ஆசாரி, அளந்து அளந்து தேக்குச் சட்டம் பூட்டினார். நாலு கண்ணாடியும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. இடுக்குகளை மக்குப் பசை வைத்து அடைத்தார்கள். வெயில் இறங்குவதற்கு முன்னால், கள்ளிக்குப்பத்து மாடியில் ஒன்றேகால் அடி உயரத்துக்கு ஒரு பிரமிடு நின்றது. நான் சத்தியமாகத் துள்ளினேன்.

உச்சியில் மட்டும் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை. வசந்தா கீழே போய், கிரகப்பிரவேசத்துக்கு வாங்கிவந்த சாமான்களில் தேடி, ஒரு சின்னப் பித்தளைச் செம்பைக் கொண்டுவந்தாள். அதைக் கவிழ்த்து உச்சியில் பொருத்தி, அவளே மக்கை உருட்டி அடைத்தாள். கோயில் கலசம் மாதிரி மஞ்சளாக மின்னியது. பத்திரிகைப் படத்தை எடுத்துப் பார்த்தேன். மறுபடி பையிலேயே வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, சூரியன் செம்பைத் தாண்டி ஹாலுக்குள் இறங்கியது. பால் பொங்கிய அடுப்பு, பசு நின்ற இடம், வந்தவர்கள் முகம் எல்லாவற்றின் மேலும் வெளிச்சம். ஏழுமலை குடும்பத்தோடு வந்து, அண்ணாந்து பார்த்து, "நின்னுட்ச்சு" என்றார். மணப்பாறையிலிருந்து வந்திருந்த வசந்தாவின் சித்தி, இதென்ன கூரைக்கு நடுவில் கோபுரம் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வசந்தா பதில் சொன்னாள்.

"பாரிசுல இதே மாதிரி ஒண்ணு இருக்கு சித்தி. பெரிசுதான். ஆனா அதுல செம்பு கிடையாது."

இன்றுவரை நான் பாரிசுக்குப் போகவில்லை. போனால் அவளோடுதான் போக வேண்டும்.