வாய்க்காலின் கடைசிவரை வந்தவர்

வாய்க்கால் தண்ணீரை மேற்பார்க்கும் ஓவசியர் ஐயா செத்துப்போன செய்தி எங்களுக்கு வந்து சேர்ந்தபோது அவரை எரித்தாகிவிட்டது. உருத்திரபுரத்தில் வாய்க்கால் தொடங்கும் மதகடியில் இருப்பவர்களுக்கு முதல்நாளே தெரிந்திருக்கிறது. வாய்க்காலின் கடைசியில் வயல் செய்யும் எங்களுக்கு ஒருவரும் வந்து சொல்லவில்லை. "அவர் இருந்திருந்தா வந்து சொல்லியிருப்பார்" என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டு அழுதாள்.

நீர்ப்பாசனக் கந்தோரில் அவரோடு பழகியவர்களுக்கு, விதைப்புக்கு முன் தண்ணீர் திறக்கும் நாட்களைச் சொல்லும் போகக் கூட்டங்கள் நினைவிருக்கும். இஞ்சினியர் கதிரையில் இருந்து இங்கிலீசில் பேசுவார். கிளாக்கர் அதைத் தமிழில் சுருக்கிச் சொல்லுவார். மதகடிக்காரர் முன்னால் நின்று தலையாட்டுவார்கள். பின்னால் நிற்கும் எங்களுக்குப் பாதி கேட்காது. அதிகாரிகள் முன் வாய் திறந்து கேட்கவும் கூச்சம். எல்லாருக்கும் விளங்கிவிட்டது என்ற திருப்தியோடு இஞ்சினியர் ஜீப்பில் ஏறிவிடுவார்.

அடுத்த நாள் ஐயா சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கள் வரம்புக்கு வருவார். "விளங்கினதோ எண்டு கேக்கமாட்டன். கேட்டா ஓம் எண்டுதான் சொல்லுவியள். எப்ப தண்ணி திறக்கிறது, எப்ப பூட்டுறது, நீங்களே எனக்குச் சொல்லுங்கோ" என்பார். நாங்கள் பிழையாகச் சொல்லுவோம். சிரிக்கமாட்டார். "பிழை உங்களிலை இல்லை, சொன்ன எங்களிலை" என்று திரும்பவும் தொடங்குவார். எங்கள் முறைப்பாடுகளையும் அப்படியே எங்களுக்குத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்த பிறகுதான் கந்தோருக்குக் கொண்டுபோவார்.

புதிதாக வந்த மேலதிகாரிக்கு இது பிடிக்கவில்லை. கூட்டத்தில் சொன்னது போதும், ஓவசியர் வயல் வயலாக அலைவது கந்தோருக்கு மரியாதை இல்லை என்று மறித்துவிட்டார். அந்தக் கோடைச் சிறுபோகத்தில் குளத்தில் தண்ணீர் குறைவு, வாய்க்காலை முந்திப் பூட்டுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியாமலே போயிற்று. வழக்கம்போல விதைத்தோம். கதிர் வெளியே தள்ளுமுன், குடலைப் பருவத்தில், தண்ணீரில்லாமல் பயிர் கருகியது. ஐயா வரம்புக்கு வந்தார். "நான் களவா எண்டாலும் வந்திருக்கவேணும்" என்றார். அவர் குரல் உடைந்ததை அன்றுதான் கேட்டேன். அதன்பிறகு அவர் திரும்பவும் எங்கள் வயலுக்கு வர, இடமாற்றம் என்று கந்தோரில் வெருட்டினார்கள். அப்படியும் வந்தார்.

செய்தி கேட்டதும் அவர் வீட்டுக்கு ஓடினேன். முற்றத்துப் பந்தலைக்கூடப் பிரித்துவிட்டிருந்தார்கள். முகம் பார்க்கவில்லையே என்ற துக்கம் எனக்கு ஆறாது. "எட்டுச்செலவுப் படையல் வெள்ளிக்கிழமை. உங்கடை பக்கத்துக்கும் சொல்லிவிடுங்கோ" என்றார் அவருடைய மனைவி.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கேள்விதான். கடைசி வாய்க்கால் நெடுக வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். சொல்லிவிட்டு, "எண்டைக்கு எண்டு நீங்கள் எனக்குச் சொல்லுங்கோ" என்று ஒவ்வொருவரையும் கேட்டேன்.

எல்லாரும் சரியாகச் சொன்னார்கள்.