மூக்குத்தி போட்ட பேய்

பேய்ப் படம் என்றாலே எனக்கு ஆகாது. என் தங்கை நேர் எதிர். எந்தப் பேய்ப் படம் வந்தாலும் தன் இரண்டு பெண்களையும் பக்கத்தில் போட்டுக்கொண்டு, போர்வைக்குள் புகுந்து, கத்திக் கத்திப் பார்ப்பாள். "பிள்ளைங்க பயந்துக்கப் போவுதுடி" என்று போனில் திட்டினால், "பயந்தாதான்க்கா என்கிட்ட ஒட்டிக்கும்" என்பாள். போனை வைத்துவிடுவேன்.

அவள் தவறிப்போய் ஒரு மழைக்காலம் முடிந்திருந்தது. சிதம்பரத்தில், அண்ணாமலை நகரில் அவர்கள் இருந்த குவார்ட்டர்ஸ் அவளுடைய வேலைக்காகக் கிடைத்தது. அவள் இல்லையென்றால் அந்த வீடும் இல்லை. கடலூர் முதுநகரில் என் வீட்டு மாடி சும்மாதான் கிடந்தது. வந்துவிடுங்கள் என்று பிள்ளைகளின் அப்பாவிடம் நான்தான் சொன்னேன். பெரியவள் தலையாட்டினாள். ஒன்றாவது படிக்கும் சின்னவள் மட்டும் வரமாட்டேன் என்று நின்றாள். காரணம் கேட்டால் வாயே திறக்கவில்லை. சாமான் கட்டுகிற அன்று காலையில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்பா கெஞ்சிப் பார்த்துவிட்டு, தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்பதுபோல் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கை காட்டினேன். அப்படி இழுத்துக்கொண்டு போனால் அந்தப் பிள்ளை எங்களை ஆயுசுக்கும் மன்னிக்காது என்று தோன்றியது.

ஃப்ரிட்ஜைக் காலி செய்தபோது வெள்ளை சாக்லேட் கட்டி ஒன்றும், அதோடு ஒரு பையில் லாலிபாப் குச்சிகளும் கிடைத்தன. பெரியவளின் பிறந்தநாளுக்கு, கேக்கை உருட்டிக் குச்சியில் செருகி சாக்லேட்டில் முக்குகிற கேக் பாப் செய்ய என் தங்கை வாங்கி வைத்தவை. பிறந்தநாளன்று அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். சாக்லேட்டைத் தூக்கிப் போடவும் மனசில்லை, மூட்டை கட்டவும் மனசில்லை. கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"இப்பவே செஞ்சிடலாம் பெரியம்மா. அம்மா சினிமா கேக் பாப்தான் செய்யலாம்னு சொன்னாங்க" என்றாள் பெரியவள்.

அடுப்பை இன்னும் கழற்றவில்லை. பேக்கரியில் சாதா கேக் வாங்கி வந்து உதிர்த்து, மில்க்மெய்ட் ஊற்றிப் பிசைந்து உருட்டினோம். குச்சியின் நுனியை உருக்கிய சாக்லேட்டில் தொட்டுத்தான் உருண்டையில் செருக வேண்டுமாம், இல்லாவிட்டால் உருண்டை கழன்று விழுமாம். எனக்கு விழுந்தது. பெரியவள் கூலிங் கிளாஸ் போட்ட ஹீரோ, மீசை வைத்த வில்லன் என்று வரிசையாகச் செய்து, மிக்ஸி பெட்டியில் இருந்த தெர்மாகோலில் குத்தி நிறுத்தினாள். என் கதாநாயகி பூசணிக்காய் போல வந்தாள். "இவுங்க ஹீரோயினோட அம்மா" என்று பெரியவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் சின்னவள் கம்பியை விட்டாள். மெதுவாக வந்து உட்கார்ந்து ஒரே ஒரு பேய் செய்தாள். வெள்ளை முகம், கடுகில் கண், வறுத்த சேமியாவில் தலைமுடி. சோம்பு மிட்டாயில் சிவப்பாக ஒன்றைப் பொறுக்கி மூக்கின் இடப்பக்கம் ஒட்டினாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பெயர்த்து வலப்பக்கம் ஒட்டினாள்.

என் தங்கை சிவப்புக் கல் மூக்குத்தியை வலப்பக்கம்தான் போட்டிருந்தாள்.

"இந்த வூட்டுக்கு வேற யாராச்சும் வருவாங்களா பெரியம்மா?" என்றாள் சின்னவள்.

"வருவாங்கடா கண்ணு."

"அப்ப அவுங்க மந்திரவாதிய கூட்டியாந்து அம்மாவ வெரட்டிடுவாங்க இல்ல?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. படத்துப் பேய்கள் இருந்த வீட்டைவிட்டு நகராது. புதிதாகக் குடிவந்தவர்கள்தான் ஆள் வைத்து விரட்டுவார்கள். போர்வைக்குள் படுத்து அவள் படித்த பாடம் அது. அம்மா எல்லாம் பேயாக மாட்டாள் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு எங்கேதான் இருக்கிறாள் என்று கேட்பாளே என்று நிறுத்திக்கொண்டேன்.

பெரியவள்தான் வழி சொன்னாள். "பொம்மைல ஏறிகிட்டா எங்க வேணா வரலாம்டி. இதுல ஏறிப்பாங்க, எடுத்துக்கிட்டு வா."

சின்னவள் குச்சியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போனாள். குளியலறைக்கும் போனாள். பிறகு "ஏறிட்டாங்க, போலாம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

சாமான் வண்டியில் அவள் அப்பா பின்னால் வந்தார். நாங்கள் மூவரும் பஸ்ஸில். மதிய வெயிலில் சாக்லேட் எவ்வளவு நேரம் தாங்கும்? ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் தலைமுடி சரிந்து, முகம் அவள் விரல்களில் வழிந்தது. மூக்குத்தி கீழே விழுந்தது. "அம்மா கரையிறாங்க!" என்று அவள் போட்ட கூச்சலில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"வாயில போட்டுக்கடி. ஒனக்குள்ள வந்துடுவாங்க" என்றாள் பெரியவள்.

சின்னவள் முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள். விரல்களையும் நக்கினாள். அப்புறம் முதுநகர் வரைக்கும் வயிற்றில் கைவைத்து, அசையாமல் உட்கார்ந்து வந்தாள்.

அப்பாடா என்று வீட்டுக் கதவைத் திறந்தேன். சின்னவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நிலைப்படிக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எலுமிச்சையும் பச்சை மிளகாயும். காத்து கருப்பு அண்டக் கூடாது என்று அமாவாசைக்கு அமாவாசை கட்டுவேன். பிள்ளைகள் வருகிறார்களே என்று அன்று காலையில்தான் புதிதாகக் கட்டிவிட்டுக் கிளம்பியிருந்தேன்.

"நான் உள்ள வந்தா அம்மா வெளியிலயே நின்னுடுவாங்க" என்றாள் மெதுவாக.

என் வாசலில் என் தங்கைக்கே காவல் போட்டிருக்கிறேன். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்து அறுத்தேன். உதடு மிளகாயில் எரிந்தது. பெரியவள் அதை வாங்கிக்கொண்டு போய்த் தெருக்கோடியில் போட்டுவிட்டு வந்தாள்.

சின்னவள் வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"பயமா இருக்கா பெரியம்மா?"

"இல்லடா" என்றேன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் உள்ளே போன பிறகும் நான் கதவை உடனே சாத்தவில்லை. ஒதுங்கி நின்று கொஞ்ச நேரம் வழிவிட்டேன்.