ஜெபராணி சேவ் செய்துதான் இருந்தாள்

அந்த லேப்டாப்பைத் திறந்தது நான்தான். ஜெபராணி இல்லை.

நான்கு ஆண்டுகளாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை, என் கணவரிடம்கூட. உங்களிடம் சொல்வது நீங்கள் என்னை அறியாதவர் என்பதால்தானோ? அப்படியென்றால் இதுவும் கோழைத்தனம்தானே!

திருப்பூரில் குழந்தைகளுக்கான பனியன் உடைகள் தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் நான் மெர்ச்சண்டைசர். உடைகளை வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்பதைத் தொழிற்சாலைக்குச் சொல்வதும், இங்கே நடப்பதை அவருக்குச் சொல்வதும் என் வேலை. ஜெபராணி என் உதவியாளர். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு பிழைக்க வந்தவள். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே லேப்டாப்.

அது அசையாது. அளவுப் பட்டியலைத் திறந்தால் திரை வெளுத்து அப்படியே நின்றுவிடும். மேனேஜரிடம் எத்தனை முறை கேட்டிருப்பேன்! "அடுத்த மாசம் பாத்துக்கலாமுங்க கோமதி" என்பார். அந்த மாதம் வரவே இல்லை.

கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்தேன். ஒரு பெண் சிரித்துக்கொண்டே லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி, விரல் நீளத்தில் ஒரு பச்சைப் பட்டையைச் செருகி மூடினாள். ரேம். அதைக் கூட்டினால் வேகம் கூடும் என்றாள். இவ்வளவுதானா? இதற்கா நான் இத்தனை முறை கெஞ்சினேன்?

வெளியிலிருந்து வரும் டெக்னீஷியனைத் தவிர யாரும் கம்ப்யூட்டரைத் திறக்கக் கூடாது என்பது நிறுவனத்தின் கண்டிப்பு. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பழைய பொருள் விற்கும் கடை ஒன்றில் ஒரு ரேமை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மதியம். ஜெபராணி விடுப்பு. சாம்பிள் அறைக் கதவைச் சாத்திவிட்டு, அங்கே கிடந்த துணிக் குவியல் மேலேயே லேப்டாப்பைக் கவிழ்த்தேன். கையில் நிலைமின்சாரம் இருக்கக் கூடாது, முதலில் ஏதாவது இரும்பைத் தொடுங்கள் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். நான் தொட்டேனா? சத்தியமாக நினைவில்லை. ஒரு ஸ்க்ரூவின் மேல் சின்ன முத்திரை ஒட்டியிருந்தது. அதை நகத்தால் கீறினேன். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

காலியாக இருந்த இடத்தில் பட்டையைச் சாய்வாகச் செருகி அழுத்தினேன். 'டக்' என்று உட்கார்ந்தது. மூடினேன். லேப்டாப் உயிர்த்தது! எட்டு ஜி.பி. என்று காட்டிய இடத்தில் பதினாறு! அன்று எனக்கு வந்த பெருமையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

திங்கட்கிழமை ஜெபராணி வியந்தாள். "என்னக்கா, இது இப்படிப் பறக்குது?"

"அப்டேட் ஆயிருக்கும் அம்மிணி" என்றேன். முதல் பொய். ஏன் சொன்னேன்? அவள் யாரிடமாவது வாய்தவறிச் சொல்லிவிடுவாளோ என்ற சந்தேகம். அவளைச் சந்தேகிக்க எனக்கு என்ன காரணம் இருந்தது? ஒன்றுமில்லை!

அந்த வாரமே திரை இருமுறை நீலமாகி, தானாக அணைந்து எழுந்தது. வெயில் சூடு என்று சொல்லிக்கொண்டேன். அடிமனம் வேறொன்று சொன்னது... கேட்கவில்லை.

அடுத்து நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள். பையர் ஒரு மெயில் அனுப்பியிருந்தார். ஒரு வயதுக் குழந்தைச் சட்டையின் கழுத்தை அகலப்படுத்த வேண்டும், தலை நுழையவில்லை என்று. ஜெபராணி காலையில் அளவுப் பட்டியலைத் திருத்தி, சேவ் செய்து, அதைத் திறந்தபடியே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். நான் லேப்டாப்பின் முன் உட்கார்ந்தேன். திரை நீலமானது. மறுபடி எழுந்தபோது ஒரு பெட்டி தோன்றி, பட்டியலின் இரண்டு பிரதிகளில் எதை வைத்துக்கொள்வது என்று கேட்டது. படிக்காமலே ஒன்றை அழுத்தினேன். அவசரம். அவ்வளவுதான்.

நான் வைத்துக்கொண்டது பழைய பிரதி, கழுத்தளவு திருத்தாதது.

மாலையில் ஜெபராணி அதையே கட்டிங் பிரிவுக்கு அனுப்பினாள். காலையில்தானே திருத்தினோம் என்ற நம்பிக்கை. மறுபடி ஏன் பார்க்கப் போகிறாள்?

சட்டைகள் தைத்து முடிந்து, கடைசிச் சோதனையில்தான் தெரிந்தது. மேனேஜர் ஒரு சட்டையை எடுத்து மேசை மேலிருந்த குழந்தைப் பொம்மையின் தலையில் மாட்டினார். நெற்றியோடு நின்றது. இழுத்தார். தையல் பிரிந்தது.

"யாருங்க இந்த அளவுச் சார்ட்ட அனுப்புனது?"

"நாந்தான் சார்... ஆனா நான் மாத்திட்டேன் சார். காலைலயே மாத்தி சேவ் பண்ணுனேன். நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள் ஜெபராணி.

"சேவ் பண்ணுனது எங்கீங்க போகும்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த கோப்பைப் புரட்டினேன்.

அன்று மாலை, எல்லாரும் மேனேஜர் அறையில் இருந்தபோது, சாம்பிள் அறைக்குப் போய் அந்த ரேமைக் கழற்றிச் சாப்பாட்டுப் பையில் ஒளித்தேன். மறுநாள் ஞாயிறு. வீட்டில் மகளின் லேப்டாப்பில் அதைப் போட்டுச் சோதித்தேன். பிழை, பிழை, பிழை என்று சிவப்பு வரிகள் இறங்கிக்கொண்டே இருந்தன. ஆக, கோளாறு அந்த ரேமில்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது. ஒரு முழு ஞாயிறு என் கையில் இருந்தது!

திங்களன்று லேப்டாப்பைச் சோதிக்க டெக்னீஷியன் வந்தார். உள்ளே எல்லாம் சரியாக இருந்தது. இருக்காதா பின்னே! ஆனால் கிழிந்த முத்திரையைக் கண்டுபிடித்துவிட்டார். "யாரோ தொறந்திருக்காங்க சார்."

ஜெபராணியின் தம்பி வேறொரு ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்த்தான். அது எல்லாருக்கும் தெரியும். டிசைன்களைத் திருடத்தான் அவள் திறந்திருக்கிறாள் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இருக்கவில்லை.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க கோமதி, உங்களுக்கு ஏதாச்சும் தெரியுங்களா?"

"எனக்குத் தெரியலீங்க சார்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "தினமும் கடைசியா பூட்டி வெக்கறது ஜெபாதானுங்க."

அது உண்மை. அவள்தான் பூட்டி வைப்பாள். ஓர் உண்மையைக் கொண்டு ஒருத்தியை இப்படியும் முடிக்கலாம் என்று அன்றுதான் அறிந்தேன்.

"யக்கா..." என்றாள். அன்றே அவளை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

அதன்பின் எனக்குப் புது லேப்டாப் வந்தது. நிம்மதி வரவில்லை. மேனேஜர் சும்மா பார்த்தாலும், இவருக்குத் தெரியுமோ என்று தோன்றும். சாம்பிள் அறைக்கு எதிரே கேமரா இருந்ததா? டெக்னீஷியன் ஏன் அன்று என் நகங்களைப் பார்த்தார்? பார்த்தாரா, நானாக நினைத்துக்கொண்டேனா? இதைப் படிக்கும் நீங்களே அன்று அந்த அறையில் இருந்தவரோ என்றுகூட...

சென்ற மாதம் பொங்கலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, பேருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஜெபராணி! எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. அவளோ என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கீங்களாக்கா? பிள்ள எத்தனாவது படிக்கா?"

இப்போது பல்லடம் பக்கம் ஒரு யூனிட்டில் செக்கிங் வேலையாம். தைத்து வரும் துணியில் குறை பார்ப்பது. கம்ப்யூட்டர் வேலை வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாளாம்.

"ஏன் அம்மிணி? உனக்குத்தான் அது நல்லா வருமே?"

சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அன்னைக்கு நான் சேவ் பண்ணுனேன்னு சத்தியம் பண்ணுனேம்லாக்கா... இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. பண்ணலியோ என்னமோ. என் தலையில ஏதோ கோளாறுன்னு தோணுது. கேஸ அணைச்சேனான்னு நாலு தடவ போய்ப் பாக்கேன். ஊட்டப் பூட்டுனத போட்டோ எடுத்து வச்சுக்கிடுதேன். எங்க ஊட்டுக்காரரு சிரிக்காரு..." அவளும் சிரித்தாள்.

சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்தில், அந்த நொடியில்! 'நீ சேவ் செய்துதான் இருந்தாய், ஜெபா.' நான்கைந்து சொற்கள்தான். வாய் திறந்தது. நடத்துனர் பல்லடம், பல்லடம் என்று கத்தினார்.

"பழசெல்லாம் எதுக்கு நெனைச்சுட்டு... விடு அம்மிணி" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு எழுந்தாள். படிக்கட்டுக்குப் போனவள், பாதியில் திரும்பி வந்து இருக்கையைத் தடவிப் பார்த்தாள். எதையும் விட்டுவிடவில்லை. கைப்பையைத் திறந்து இன்னொரு முறை பார்த்துக்கொண்டாள். பிறகுதான் இறங்கினாள்.

பேருந்து கிளம்பியபின்னும் பார்த்தேன். நிறுத்தத்தில் நின்றபடி, மறுபடியும் அந்தப் பையைத் திறந்துகொண்டிருந்தாள்.