இனி மேட்டில் நிறுத்த மாட்டாள்

பெக்கான் நானாஸ் ஊரில் அன்னாசி விளையும் பக்கமெல்லாம் தட்டையான நிலம். ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினால் அது எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் அப்படியே நிற்கும். அந்தத் தட்டை நிலத்தில் மேடு எங்கெங்கே இருக்கிறது என்று நில அளவைக்காரருக்குக்கூடத் தெரிந்திருக்காது. இன்பராணிக்குத் தெரியும். வாய்க்கால் பாலத்திலிருந்து இறங்கும் சரிவு, பெட்ரோல் எண்ணெய் நிலையத்தின் வெளிவாசல், பழைய ரப்பர் கொட்டகைக்குப் பின்னால் செம்மண் கொட்டி உயர்த்திய இடம் என்று எல்லாம் அவளுக்கு விரல் நுனியில் இருந்தன. இவற்றைத் தவிர வேறெங்கும் அவள் லோரி எஞ்சினை அணைத்ததில்லை. அணைத்தால் திரும்ப உயிர் வராது.

அவள் ஓட்டிய மூன்று டன் லோரிக்கு இரண்டு பேட்டரி. இரண்டும் செத்து இரண்டு வருஷம் ஆயிற்று. விளக்கு மங்கலாக எரியும், ஹார்ன் சளி பிடித்ததுபோல் முனகும், அவ்வளவுதான். எஞ்சினைச் சுற்றிவிடும் தெம்பு அவற்றுக்கு இல்லை. ஆகவே சாயங்காலம் பாலத்துச் சரிவில் மூக்கு கீழே பார்க்க நிறுத்துவாள். காலையில் சிலுவை போட்டுக்கொண்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டு, வண்டி உருண்டு வேகம் பிடித்ததும் இரண்டாம் கியரில் கிளட்ச்சை விடுவாள். ஒரு குலுக்கல், ஒரு கரும்புகை, எஞ்சின் பிடித்துவிடும். பார்த்தவர்கள் கைதட்டாத குறைதான்.

முதலாளி லோகேஸ்வரன் கைதட்டவே செய்வான். இன்பராணிக்கு நாற்பத்தேழு வயது, அவனுக்கு முப்பத்தாறு. அன்னாசி வாங்க வரும் ஆட்களிடமெல்லாம், "நம்ம ராணி அக்கா கை வச்சா செத்த வண்டியும் எந்திரிச்சு ஓடும்லா" என்பான். உண்மையைச் சொல்லிவிடலாம், அந்தப் புகழ்ச்சி அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. தெப்ரா நகரில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் முகமூடி போட்டு, குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்தவள். தொழிற்சாலையை மூடியதும் சரக்கு லோரி லைசென்ஸ் எடுத்தாள். ஒன்பது இடத்தில் வேலை கேட்டாள். ஒன்பது இடத்திலும் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஆபீஸில் கணக்கு எழுத ஆள் வேண்டாம் என்று சொன்னார்கள். பத்தாவதாக லோகேஸ்வரன் சாவியைக் கொடுத்தான். அந்த நன்றியில்தான் அவள் வாயே அடைத்துப் போயிருந்தது. இந்த வேலை போனால் இன்னொரு ஸ்டீரிங் கிடைக்காது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பேட்டரி கேட்காமலும் இல்லை. மாதம் ஒரு தடவை கேட்பாள். "அடுத்த மாசம் பாக்கலாம்க்கா" என்பான். அடுத்த மாசம் வரும், போகும். அவள் சனிக்கிழமை தவறாமல் வெந்நீர் ஊற்றி பேட்டரி முனையில் பூத்த வெள்ளைப் பொடியைக் கழுவுவாள், உள்ளே தண்ணீர் ஊற்றுவாள், கிரீஸ் தடவுவாள். பிணத்துக்குப் பவுடர் போடுகிற வேலை. அதைச் செய்யச் செய்ய லோகேஸ்வரனுக்குப் பேட்டரி வாங்கும் தேவையே இல்லாமல் போனது. இது அவளுக்கு உறைக்கவே இல்லை.

உறைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்.

தூறல். பாலத்துச் சரிவில் வண்டியை உருட்டினாள். கிளட்ச்சை விட்டாள். எஞ்சின் இருமியது, பிடிக்கவில்லை. இன்னொரு முறை விட்டாள், பிடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துச் சந்திலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வெளியே வந்தது. ஓட்டியவள் ஒரு மலாய்க்காரப் பெண், பின்னால் பள்ளிச் சீருடையில் சின்னப் பெண். இன்பராணி பிரேக்கை மிதித்தாள். எஞ்சின் ஓடாத வண்டியின் பிரேக் கல்லாக இருந்தது. ஸ்டீரிங் திரும்பவில்லை. இரண்டு காலையும் சேர்த்து பிரேக்கின்மேல் ஏறி நின்று, ஹேண்ட் பிரேக்கைப் பிடுங்குகிற மாதிரி இழுத்தாள். டயர் தேய்ந்து, வழுக்கி, வண்டி நின்றபோது மோட்டாரின் கைப்பிடி லோரியின் முன்தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, நடுங்கிய குரலில், "மாஃப், காக்" என்றாள். அக்கா என்று அழைத்து மன்னிப்புக் கேட்டாள்! தப்புத் தன்மேல்தான் என்று நினைத்துவிட்டாள். போதாததற்குச் சின்னப் பெண் கையை அசைத்துவிட்டுப் போனது.

இன்பராணி ஸ்டீரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். பயத்தில் தொடங்கிய அழுகை போகப் போக ஆத்திரமாக மாறியது. ஆத்திரம் முதலாளிமேல் பாதி, தன் கெட்டிக்காரத்தனத்தின்மேல் மீதி. அதற்குப் பிறகு ரூபேந்திரனையும் இன்னும் மூன்று பேரையும் வரவழைத்து, வண்டியைத் தள்ளச் சொல்லி, அன்றைய வேலையை எப்படியோ முடித்தாள். ரூபேந்திரன் லோகேஸ்வரனின் அன்னாசிக் கொட்டகையில் சரக்கு ஏற்றுகிறவன்.

சாயங்காலம் மறுநாளுக்கான சரக்கை ஏற்றினார்கள். மூன்று டன் அன்னாசி. வழக்கமாக ஏற்றி முடித்ததும் பாலத்துக்கு ஓட்டிப் போவாள். அன்று கொட்டகை வாசலில், கேட்டுக்கு நேர் எதிரே, ஒரு சாண்கூட ஏற்றம் இறக்கம் இல்லாத சிமெண்டுத் தரையில் நிறுத்தி சாவியைத் திருப்பினாள். எஞ்சின் அடங்கியது.

"அலமாக்! அக்கா, இங்கயா?" ரூபேந்திரன் ஓடி வந்தான்.

"இங்கதான். இனிமே இங்கதான்" என்றாள். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

காலை ஏழு மணிக்கு லோகேஸ்வரன் வந்தபோது கேட்டை அடைத்துக்கொண்டு லோரி நின்றது. பத்து மணிக்கு தெப்ராவில் பழக் கிடங்கில் சரக்கு இறங்க வேண்டும். அவனுக்கு முகம் சுருங்கியது.

"என்னக்கா, மறந்துட்டீங்களா? சரி, சரி. டேய், எல்லாரும் வாங்க, தள்ளுங்க."

நாலு பேர் வந்து பின்னால் கை வைத்தார்கள். இன்பராணி ஏறி, வண்டியைக் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

"யாரும் தள்ளக் கூடாது. கையை எடுங்க. ரூபன், உனக்குந்தான்."

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ரூபேந்திரன் தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"ரெண்டு பேட்டரி வந்தா வண்டி போவும். வரலன்னா இங்கயே நிக்கட்டும்" என்றாள். நேற்றுக் காலை நடந்ததையும் சொன்னாள். சொல்லும்போது குரல் உடைந்தது. அதற்காக அவள் வெட்கப்படவில்லை.

லோகேஸ்வரனுக்குப் பழைய சிரிப்பு வந்தது. "ஒண்ணும் ஆகலதானக்கா? உங்க கைக்கு ஒண்ணும் ஆகாதுலா. இன்னைக்கு மட்டும் எடுங்க."

"மாட்டேன்."

சிரிப்பு போய்விட்டது. போனை எடுத்து ஜெயபாலனை அழைத்தான். ஜெயபாலன் அந்த வட்டாரத்தில் ஆள் இல்லாத நாளுக்கு லோரி ஓட்டிக் கொடுப்பவர், ஐம்பது தாண்டியவர். கால் மணி நேரத்தில் மோட்டாரில் வந்து சேர்ந்தார். இன்பராணி சாவியைக் கொடுத்தாள். ஏறி உட்கார்ந்து திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

"பேட்டரி செத்துப் போச்சே போஸ். ரெண்டு புதுசு வாங்குங்க, போட்டதும் எடுக்கறேன்."

"சரி அண்ணே" என்றான் லோகேஸ்வரன். அங்கேயே நின்று வண்டிச் சாமான் கடைக்குப் போன் போட்டு, இரண்டு பேட்டரி உடனே அனுப்பச் சொன்னான்.

இன்பராணிக்குக் காது இரண்டும் தீயாக எரிந்தது.

"நான் ரெண்டு வருஷமா கேட்டேன், லோகேஸ். அவரு வந்து ரெண்டு நிமிஷம் ஆவல."

"அது வேறக்கா. நீங்க நம்ம குடும்பம் மாதிரி."

"குடும்பம்னா பேட்டரி இல்லாம ஓட்டணுமா?"

"நீங்க கொஞ்ச நாளு வீட்ல இருங்கக்கா. அண்ணன் ஓட்டட்டும்" என்றான்.

ஒன்பது கதவுகளும் ஒரே நேரத்தில் அவள் முகத்தில் சாத்தப்பட்டதுபோல் இருந்தது. ஆனாலும் பின்வாங்க மனம் வரவில்லை. ஜெயபாலன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, வண்டிய எடுக்கறீங்க, சந்தோஷம். தெரிஞ்சு எடுங்க. ஃபேன் பெல்ட்டு வெடிப்பு விட்டிருக்கு. எண்ணெயும் ஃபில்டரும் மாத்தி ஏழு மாசம் ஆவுது. பின்னால பிரேக் லைட்டு ஒண்ணு எரியல. வைப்பர் கிழிஞ்சு போச்சு, மழை வந்தா கண்ணாடில ஒண்ணும் தெரியாது. எல்லாம் கேட்டுட்டேன். அடுத்த மாசம், அடுத்த மாசம்."

ஜெயபாலன் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். பெல்ட்டை விரலால் வளைத்துப் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டினார்.

"இத வச்சா இவங்க இவ்வளவு நாளு ஓட்டுனாங்க? எல்லாம் செஞ்சு வச்சுட்டுக் கூப்பிடுங்க போஸ்" என்றார். மோட்டார் கிளம்பிப் போனது.

எட்டரைக்குக் கடை வண்டி வந்து இரண்டு பேட்டரியை இறக்கியது. ஜெயபாலன் போய்விட்டதால் வண்டியை எடுக்க மறுபடி இன்பராணிதான் என்று ஆனது; லோகேஸ்வரனின் கை தானாகச் சுருங்க ஆரம்பித்தது. "ஒண்ணு போதும்லாக்கா. பழசுல ஒண்ணு இன்னும் நல்லாத்தான் இருக்கு. இன்னொண்ணத் திருப்பிக் குடுத்துடலாம்."

இன்பராணி இரண்டாவது பெட்டியின்மேல் காலைத் தூக்கி வைத்தாள்.

"ரெண்டு பேரு தூக்கற கூடைய ஒருத்தன் தூக்குனா அவன் முதுகு எத்தன நாளு தாங்கும்? பழசு புதுசையும் கொன்னுடும். ரெண்டும் சேந்துதான் போடணும். அப்புறம் ஒரு பெல்ட்டு, பல்பு, வைப்பர். கடைக்காரரு வண்டியிலயே இருக்கு, இப்பவே வாங்குங்க. எண்ணெயும் ஃபில்டரும் இன்னைக்குச் சாயங்காலம்."

"லேட் ஆவுதுக்கா."

"ஆவட்டும்."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான், கேட்டை அடைத்து நிற்கும் மூன்று டன் அன்னாசியைப் பார்த்தான், பெட்டியின்மேல் இருந்த காலைப் பார்த்தான். பணப்பையை எடுத்தான்.

வேலையை அவள் யாருக்கும் விடவில்லை. முதலில் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினாள், அப்புறம் பாஸிட்டிவ். பழைய பேட்டரிகளை ரூபேந்திரனோடு சேர்ந்து இறக்கினாள். தட்டில் படிந்திருந்த துருவைச் சுரண்டி, வெந்நீர் ஊற்றித் துடைத்தாள். புதியவற்றை வைத்து, ஆடாமல் கம்பியை இறுக்கி, கடைசியாக நெகட்டிவை மாட்டினாள். பெல்ட்டை மாற்றினாள், பல்பையும் வைப்பரையும் மாற்றினாள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. லோகேஸ்வரன் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

ஏறி, சிலுவை போட்டு, சாவியைத் திருப்பினாள். கண் மூடித் திறப்பதற்குள் எஞ்சின் பிடித்தது. கடைக்காரர் மீட்டரை வைத்துப் பார்த்து, சார்ஜ் நன்றாக ஏறுகிறது என்றார்.

தெப்ராவில் சரக்கு இறங்கத் தொடங்கியபோது பன்னிரண்டு மணி. கிடங்கில் இறக்கி முடிக்க எப்போதும் ஒரு மணி நேரமாவது ஆகும். அந்த ஒரு மணி நேரமும் அவள் ஓடுகிற எஞ்சினுக்குக் காவலாக சீட்டிலேயே உட்கார்ந்திருப்பாள். பசித்தாலும் இறங்க முடியாது. கழிவறைக்குப் போகவேண்டி வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கத்தான் வேண்டும். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவது இரண்டு வருஷமாக அவளுக்குப் பழக்கம். அதை யாரிடமும் அவள் சொன்னதில்லை.

அன்று எஞ்சினை அணைத்தாள். இறங்கி, கதவைப் பூட்டி, கழிவறைக்குப் போய்விட்டு, எதிரேயிருந்த சாப்பாட்டுக் கடையில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தாள். சோறு, கோழிக் கறி, பெரிய கிளாஸில் ஐஸ் தண்ணீர். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள், போன் அடித்தது. லோகேஸ்வரன்.

"எங்கக்கா இருக்கீங்க? வண்டி ஓடுதா?"

"நிக்குது."

"நிக்குதா? என்ன ஆச்சு?"

"அணைச்சுட்டேன். சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

மறுபக்கம் அவன் மூச்சு வாங்குவது கேட்டது. "எதுக்குக்கா அணைச்சீங்க? அங்க எல்லாம் தட்டை! திரும்ப ஸ்டார்ட் ஆவலன்னா?"

"ஆவலன்னா நீங்க வந்து தள்ளுங்க" என்றாள் இன்பராணி. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கடைக்காரரிடம் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள்.